கருகிய நூல்

முந்தின வருஷ யுத்தத்தின்போது விமானப்படைக்காரர்கள் கடைத்தெருவில் சொந்தமாகத் தைத்துக்கொண்ட, சர்க்கார் தராத துணி பேட்ஜ்களைச் சேர்ப்பது எழுபத்திரண்டில் என் பைத்தியம். அசல், போலி பார்த்துச் சொல்லத் தாம்பரத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே பரப்பியிருந்தேன்.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். மங்கிய பார்வை, வாய் திறக்குமுன் கண்ணாடியைத் துடைப்பார்.

"பையன் யுத்தத்துல போயிட்டான் சார். விமானப்படையில அனுப்புன பெட்டியில இந்த பேட்ஜ் இருந்துது. அவனோடதுதானா?"

ஓர நூலைப் பிடுங்கிக் கொளுத்தினேன். உருகிச் சுருண்டது.

"நைலான்! அசல்னா பருத்தி நூல். டூப்ளிகேட் சார்!"

கண்ணாடியைத் துடைத்தார். "லீவுல வந்தப்போ அவன் அம்மாதான் நைலான் நூல்ல ஓரம் தைச்சா; இப்போ பெட்டி கிட்டவே வரமாட்டேங்கிறா. அப்போ அவனோடதுதான்."

வீட்டில் பாலே இல்லை, மூன்று தரம் "காபி சாப்பிடுறீங்களா சார்?" என்றேன்.

"வேணாம் சார். அந்தக் கருகின நூலை மட்டும் குடுங்க."

தரையில் தவழ்ந்து தேடிக் கொடுத்தேன். நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வதென்று இன்றுவரை தெரியவில்லை.