லாபம், ரெண்டு, மூணு

பயிற்சிப் பள்ளியை முடித்து வெளியே வந்தபோது, கணக்குப் பாடத்தைச் சீர்திருத்தவே பிறந்தவள் நான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பூந்தமல்லியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு எவ்வளவு என்று நடுவில் கேட்டால், ஓரெட்டிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் ஐம்பத்தாறு கிடைக்கும். அதை முதல் வேலையாக நிறுத்தினேன். பொருளைக் கையால் தொட்டுத்தான் எண்ணைக் கற்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு மூட்டை நெல்லையும் ஒரு படியையும் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். எலி வரும் என்று பள்ளியை நடத்திய போதகர் பயந்தார். எலியும் வந்தது. சீர்திருத்தம் என்றால் நாலு எலி வரத்தான் செய்யும் என்று அவருக்கே புத்தி சொன்னேன்.

நான் பட்டணத்துக் குமாஸ்தா வீட்டுப் பெண். நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்கிற ரகம். என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களோ செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்து நெல்லை அளந்தே வளர்ந்த பெண்கள். அவர்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்கப் போனேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றவளும் என்னைப் பார்த்தால் சிரித்திருப்பாள்.

முதல் நாள், குமணன்சாவடிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை அளக்கச் சொன்னேன். அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பான மூன்றாம் பாரத்தில் அவளைப்போலக் கெட்டிக்காரி கிடையாது. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, டீச்சர் மெதுவாக முடிக்கட்டும் என்று பொறுமையாக நிற்பாள். படியை நிரப்பிக் கூடையில் கொட்டினாள். உரக்கச் சொன்னாள்: "லாபம்." அடுத்த படிக்கு, "ரெண்டு." அதற்கடுத்து, "மூணு."

"ஒண்ணு எங்கே போச்சு?" என்றேன்.

"அதாங்க டீச்சர் லாபம்."

"லாபம் வேற பாடம். அது அடுத்த மாசம். இது ஒண்ணு."

பார்த்தால் மொத்த வகுப்புமே லாபத்தில்தான் ஆரம்பித்தது. களத்தில் முதல் அளவை ஒன்று என்று சொல்லக் கூடாதாம். சொன்னால் விளைச்சல் அந்த ஒன்றோடு நின்றுவிடுமாம். சுத்த மூடத்தனம் என்று எனக்குக் கோபம் வந்தது. ஸ்கேலை எடுத்தேன். லாபம் என்று வாய் சொன்னால் விரல் முட்டியில் ஒன்று வைப்பேன். ஆறே மாதத்தில் லாபத்தை அடியோடு ஒழித்துவிட்டேன். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரம்மா வந்து, வகுப்பே ஒரே குரலில் "ஒன்று" என்று சொல்வதைக் கேட்டு, கிராமத்துப் பிள்ளைகளிடம் இத்தனை தெளிவைக் கண்டதில்லை என்று பள்ளியின் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். போதகர் அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தார். நான் ரொம்ப அடக்கமானவள்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

தை மாதம் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். அரசாங்கப் பரீட்சைக்கு நான் நம்பியிருந்தது அவளை மட்டும்தான். தேறினால் பயிற்சிப் பள்ளியில் சேர்த்து அவளையும் கணக்கு டீச்சராக்குவது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது. ஜட்கா வண்டி பிடித்து அவள் ஊருக்குப் போனேன்.

அவள் அப்பா களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை உதறிவிட்டு வந்தார்.

"வா வாத்தியாரம்மா. இன்னா கணக்கு சொல்லிக் குடுத்துக்கீற எம் பொண்ணுக்கு? படிச்ச புள்ளயாச்சே, நீயே அளம்மான்னு ஊரே பாக்க மரக்காலைக் கையில குடுத்தேன். எடுத்த எடுப்புல 'ஒண்ணு'ன்னுச்சு! ஓங்கி ஒண்ணு உட்டேன்."

"அதுக்காகப் படிப்பையே நிறுத்திடறதா?"

"பத்து மூட்டை கொறஞ்சி பூட்ச்சே, அத யாரு குடுப்பா? உன் இஸ்கோலா?"

அந்த வருஷம் ஏரியில் தண்ணீரே பாதிதான். அதைச் சொல்லிப் பார்த்தேன். ஏரி பெரிதா, என் 'ஒன்று' பெரிதா என்ற வழக்கில் ஏரி தோற்றது. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். இனி என் வகுப்பிலும் லாபம் என்றே எண்ணட்டும் என்றேன். ஸ்கேலும் இன்ஸ்பெக்டரம்மாவின் பாராட்டும் அந்த வைக்கோலோடு போயின.

"அப்பிடி வா வழிக்கு," என்று அவர் சந்தோஷமாகிவிட்டார். "நாளிக்கே இட்டுக்கினு போ. ஏ பொண்ணே, வாத்தியாரம்மா வந்துகீது பாரு!"

அவள் சாணிக் கையோடு வந்து நின்றாள். நான் ஏதோ பெரிய வரம் கொண்டுவந்தவள்போல, "நாளைக்கு வந்துடு. அப்பா சரின்னுட்டார்," என்றேன்.

"நான் வர்ல டீச்சர்."

"ஏன்?"

"லாபம்னு சொன்னதுக்கு நீங்க அடிச்சீங்க. ஒண்ணுன்னு சொன்னதுக்கு நைனா அடிச்சாரு. இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினீங்க. என்னை யாரு கேட்டீங்க?" குரலில் கோபமே இல்லை, கணக்குக்கு விடை சொல்கிற அதே குரல். "ரெண்டுலருந்து எண்றதா இருந்தா சொல்லுங்க, வர்றேன். அதுக்குத்தான் எங்கியும் அடி இல்ல."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அவளை வற்புறுத்தாமல் ஜட்காவில் ஏறினேன். மறுநாள் மட்டுமல்ல, பரீட்சைக்கும் அவள் வரவில்லை. கணக்குப் பாடத்தை முன்னேற்றியதற்காக அந்தக் கோடையில் என்னைத் தலைமை ஆசிரியை ஆக்கினார்கள். பள்ளியில் இருந்த ஒரே கணக்கு மூளையை அடித்து விரட்டியவளை வேறெங்கே உட்கார வைப்பார்கள்?