பச்சைப் பட்டை சிவந்த நாள்

ஓசூரில் எங்கள் கம்பெனியின் பெயின்ட் அறை வாசலில், தின்னர் ஆவி கசிந்தால் காட்டிக்கொடுக்க ஒரு பச்சைப் பட்டையை ஒட்டியிருந்தார்கள். மரக்கூழில் செய்தது. சாயமே கிடையாது, பொன்வண்டின் முதுகைப் போல நுண்ணிய அடுக்குகளாலேயே நிறம் காட்டும். ஆவியோ ஈரமோ பட்டால் உப்பிச் சிவக்கும். ஒட்ட வந்த பெண் இதைச் சொன்னபோது கவனித்துக் கேட்டவன் நான் ஒருவன்தான். அறிவை வளர்க்க அல்ல. விளையாட ஒரு சாமான் கிடைத்ததே என்று.

டீ நேரத்தில், கூட வேலை பார்க்கும் முனிராஜைப் பிடித்தேன்.

"இது குடிச்சவனைக் காட்டிக் குடுக்குமாம். ஊது பாக்கலாம்."

"நான்தான் உட்டுட்டேனேண்ணா, எனக்கென்ன பயம்?" என்று ஊதினான். பட்டை சிவந்தது.

"நேத்து பார்டர் தாண்டி அத்திபள்ளி பாருக்குப் போயி ஊத்திக்கிட்டு வந்திருக்கான்டோய்!" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கேன்டீனிலிருந்து டீ கொண்டுவந்த அவன் மனைவி லட்சுமி சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"லட்சுமி, நில்லும்மா! யார் ஊதினாலும் மூச்சு ஈரத்துல செவக்கும்!" என்று நானே ஊதிக் காட்டினேன். சிவந்தது.

"அப்போ ரெண்டு பேரும் சேந்துதான் போனீங்களா?" என்றார் சூப்பர்வைசர். மறுபடியும் சிரிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக நான் உண்மை பேசியதற்குக் கிடைத்த கைதட்டல்.

"உடுண்ணா," என்றான் முனிராஜ். "நான் நிறுத்துனதை நம்புனவ அவ ஒருத்திதான்."

ஈரம் காய்ந்ததும் பட்டை பச்சையாகிவிட்டது. லட்சுமியிடம் பலமுறை விளக்கிவிட்டேன். "சரிங்கண்ணா" என்கிறாள். நம்பிவிட்டாளா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.