குக்ரிக்கு வைத்த குங்குமம்

கூர்க்காக்கள் இடுப்பில் செருகும் குக்ரி என்ற வளைந்த கத்தியின் மேல், அண்ணாமலை நகரில் படித்த நாளிலிருந்தே எனக்கு ஒரு பைத்தியம். 2008-இல் ராணுவத்திலிருந்து லீவில் வந்த மச்சான், டேராடூனில் கையால் அடித்த குக்ரி ஒன்றைக் கடலூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆசையாகக் கையை நீட்டினேன். அவனோ தரையில் வைத்தான்.

“கையில குடுத்தா சண்டை வரும் மாமா. நீங்களே எடுத்துக்குங்க.”

சுத்தியல் பட்ட தடம்கூட மறையாத அந்த இரும்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். அப்படியும் சண்டை வந்தது, என் மனைவியிடமிருந்து.

“புள்ளைங்க ஓடியாடுற வீட்டுல இது எதுக்கு? யார வெட்டப் போறீங்க?”

குக்ரி பரண் ஏறியது. அதன் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆயுத பூஜையன்று பைக்கைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். சாமி படத்துக்கு முன்னால், அவளுடைய அரிவாள்மணையை ஒட்டி என் குக்ரி! எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள்.

மறுநாள் பூஜையிலிருந்து முதலில் அதைத்தான் எடுத்து வந்தாள்.

“இளநி வெட்டிக் குடுங்க.”

கையை நீட்டினேன். கொடுக்காமல், குனிந்து தரையில் வைத்தாள்.

“போட்ட சண்டையே போதும்.”

யார் கேட்டாலும் மச்சான் கொடுத்தது என்றுதான் சொல்கிறேன். ஆனால் அது எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.