செண்பகத்தோப்புக்கு வழி தெரியாத எபனேசர்

ராஜபாளையத்தில் எபனேசர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். மழைக்காலத்தில் மேகம் இறங்கி வந்து தென்னந்தோப்புகளின் தலையில் உட்காரும். இதையெல்லாம் எபனேசர் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அவர் மாடி ஏறுவார். தொட்டியைப் பார்ப்பார், மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கீழே பார்த்துக் கத்துவார், இறங்கிவிடுவார். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் ரயில் ஏற வேண்டும்.

நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றவர்கள் பொதுவாகச் சர்க்கரையைக் கவனிக்கத் தொடங்குவார்கள். எபனேசர் இயற்கையைக் கவனிக்கத் தொடங்கினார். சபைக்குச் சுற்றுலாக் குழு ஒன்று வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார்; யாரும் மறுத்துப் பேசுவதற்குள் அவரே தலைவராகவும் ஆகிவிட்டார். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, ஒருமுறை நேபாளத்துப் போகரா வரைக்கும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்வந்தார். கூடவே சமையற்காரர், அரிசி மூட்டை, ஊறுகாய் வாளி. வெளியூர்க் காற்றைச் சுவாசிப்பதில் குழுவுக்கு ஆட்சேபணை கிடையாது. வெளியூர்ச் சாப்பாட்டை மட்டும் நம்ப மாட்டார்கள்.

எபனேசர் மலை பார்க்கும் முறையே தனி. வண்டியிலிருந்து இறங்குவார். இடுப்பில் கை வைப்பார். மில்லுக்கு வேலை கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல மலையை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"பரவால்ல. ஆனா நம்ம செண்பகத்தோப்பு மாதிரி வராது."

ஊட்டி பூங்காவில் "புல்லு நல்லாத்தான் வெட்டிருக்கான்" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் செண்பகத்தோப்பு மாதிரி வரவில்லை. மூணாறு தேயிலைச் சரிவு வரவில்லை. போகரா ஏரியில் பனிமலை தலைகீழாகத் தெரிந்தது, அப்படியும் வரவில்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சொந்த ஊரைப் பெருமையாகச் சொல்லும்போது மறுத்துப் பேசினால் சாயங்கால பஜ்ஜி கிடைக்காது.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. எபனேசர் செண்பகத்தோப்புக்குப் போனதே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான், மலையடிவாரம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன அன்று அவருக்குக் காய்ச்சல். பிறகு மில் வேலை. அதற்கும் பிறகு, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்கிற வசதி. பக்கத்தில் இருக்கும் இடங்களைப் பார்க்கவிடாமல் தடுப்பதில் இந்த வசதிக்கு இணையே கிடையாது.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி தங்கபாய். வீட்டு முன்னறையில் நைட்டி வியாபாரம் செய்பவர். "டூருன்னா என்ன? வேற ஊருல போய் நான் உங்க சட்டைய தொவைக்கணும், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு பயணத்தின்போதும் சொல்வார். சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டுவார்.

போன அக்டோபரில் குழு சிக்கிம் போனது. பெல்லிங் என்ற மலையூரில் பெம்பா என்பவருடைய வீட்டு விடுதியில் தங்கினார்கள். பெம்பா பட்டாளத்தில் இருந்தவர். குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில் பல வருடம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். கேன்டீனில் கற்றுக்கொண்ட தமிழ், மரியாதையாகவே வரும். அவர் மனைவி டோமாவுக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பார்.

விடியும் முன்னால் பெம்பா எல்லோரையும் தட்டி எழுப்பி வாசலில் நிறுத்தினார். இருட்டுக்குள்ளிருந்து கஞ்சன்ஜங்கா மெதுவாக வெளியே வந்தது. முதலில் சாம்பல், பிறகு ரோஜா, பிறகு நெருப்பு. குழுவினர் கம்பளிக்குள்ளிருந்து செல்போனை மட்டும் வெளியே நீட்டினார்கள். சமையற்காரர், தேங்காய் உறைந்து போய்விட்டது, இன்றைக்குச் சட்னி கிடையாது என்று அறிவித்தார். அந்த அறிவிப்புக்குத்தான் எல்லோர் முகமும் மாறியது.

எபனேசர் இடுப்பில் கை வைத்தார். "பரவால்ல" என்றார். உலகத்தின் மூன்றாவது உயரமான சிகரத்துக்கு அது போதும் என்று நினைத்தார்.

பெம்பாவுக்கு வருத்தமில்லை. "டார்ஜிலிங் பூங்காவுல ரெட் பாண்டா பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"பாத்தோம். தூங்கிட்டுக் கெடந்துச்சு. எங்க ஊர்ல ஒரு அணில் இருக்கு. சாம்பல் நிற அணில். இத விடப் பெருசு."

"எவ்வளவு பெருசு சார்?"

எபனேசர் கைகளை விரித்தார். பெம்பாவின் கண்கள் விரிந்தன. அதைப் பார்த்ததும் எபனேசரின் கைகள் இன்னும் கொஞ்சம் விரிந்தன.

"டெய்லி வாக்கிங் போறப்ப பாப்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா எறங்கி வரும்."

பக்கத்தில் நின்ற தங்கபாய் கஞ்சன்ஜங்காவை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். பெம்பா இந்த அதிசயத்தைத் தம் பாஷையில் டோமாவுக்குச் சொன்னார். டோமா கன்னத்தில் கை வைத்தார்.

"ஒரு நாள் வர்றோம் சார்."

"வாங்க வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

இப்படி இதுவரைக்கும் எத்தனையோ பேரை எபனேசர் அழைத்திருக்கிறார். யாரும் வந்ததில்லை. வரமாட்டார்கள் என்பதுதான் அந்த அழைப்பின் அழகே.

ஏப்ரல் மாதம் போன் வந்தது. குன்னூரில் பழைய பட்டாளத்து நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பெம்பாவும் டோமாவும் மதுரைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலை ராஜபாளையம் பஸ் ஏறுகிறார்கள்.

எபனேசர் போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தார். "ஏட்டி, அந்த சிக்கிம்காரவிய வாராவளாம்."

"வரட்டும். மீன் கொழம்பு வைக்கேன்."

"மீன் கொழம்பா இப்பம் பிரச்சன? அணில் பாக்கணுமாம்."

தங்கபாய் மடித்துக்கொண்டிருந்த நைட்டியைக் கீழே வைத்தார். "அதான் பேர் சொன்னா எறங்கி வருமே. பேர் என்னன்னு எங்கிட்டயும் சொல்லுங்க. நானும் ஒரு வாட்டி கூப்பிட்டுப் பாக்கேன்."

விருந்தாளிகள் வந்தார்கள். முதல் நாள் முழுக்க எபனேசர் அவர்களை மலைக்கு எதிர்த் திசையிலேயே வைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் காட்டினார். மடவார் வளாகம் கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காட்டினார். பால்கோவாக் கடையில் உட்காரவைத்து, அவர்கள் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல ஊட்டினார். பேச்சு வற்றியதும் தாம் வேலை பார்த்த மில்லின் கேட்டைக் காட்டினார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், "யாரு வேணும்?" என்று கேட்டான். பெம்பா கேட்டையும் மரியாதையாகப் பார்த்தார்.

சாயங்காலம் பெம்பா மெல்லக் கேட்டார். "சார், அணில்?"

"அது காலையிலதான் வரும்" என்றார் எபனேசர். அதன் ஷிப்ட் நேரம் தமக்குத் தெரியும் என்பதுபோல.

மறுநாள் தப்பிக்க வழியில்லை. தம்முடைய பழைய காரில் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. நிறுத்தி யாரிடமாவது கேட்டிருக்கலாம். தினமும் வாக்கிங் போகிற மனிதர் எப்படிக் கேட்பார்? ஒரு சாலையில் தைரியமாகத் திரும்பினார். மலை இடது பக்கமாகக் கூடவே வந்தது. கிட்டே மட்டும் வரவில்லை. நெல் வயல் வந்தது, தென்னந்தோப்பு வந்தது, கடைசியில் ஒரு கடைத்தெருவே வந்துவிட்டது. டீ குடிக்கலாம் என்று சொல்லிக் காரை நிறுத்தினார்.

டீக்கடைக்காரரை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, செண்பகத்தோப்புக்கு எங்குட்டுப் போகணும்?"

டீக்கடைக்காரருக்குத் தாழ்ந்த குரலில் பேசிப் பழக்கமில்லை. "செண்பகத்தோப்பா? நீங்க வத்திராயிருப்புல வந்துல்லா நிக்கிய! திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போயி மேக்க போங்க. வெளியூரா?"

எபனேசர் திரும்பிப் பார்த்தார். பெம்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எபனேசருக்கு ஞாபகம் வந்தது. பெம்பா டீ கிளாசுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"இந்த ரூட்ல காத்து நல்லாருக்கும்" என்றார் எபனேசர் காரைத் திருப்பிக்கொண்டே. "அதான் சுத்திக் காட்டுனேன்."

"நல்ல காத்து சார்" என்றார் பெம்பா. தங்கபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெயில் ஏறிய பிறகுதான் செண்பகத்தோப்பு போய்ச் சேர்ந்தார்கள். சோதனைச் சாவடியில் குறுக்குக் கம்பு இறங்கியிருந்தது. வனக்காவலர் பால்பாண்டி வெளியே வந்தார். கோடை, காட்டுத்தீ பயம், உள்ளே விட அனுமதியில்லை என்றார்.

"தம்பி, இவிய இமயமலையிலருந்து வந்திருக்காவ."

"இமயமலையே வந்தாலும் விட முடியாது சார்."

"நான் டெய்லி வாரவன்."

பால்பாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டெய்லியா? ரெண்டு வருசமா நான் இங்கதான் சார் டூட்டி. உங்கள இன்னைக்குத்தான் பாக்கேன்."

 எபனேசர் காரின் பானட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பால்பாண்டிக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "அணில் பாக்க உள்ள எதுக்குப் போகணும்? கம்புக்கு இந்தப் பக்கம் அந்த மாந்தோப்புல பாருங்க. அங்கதான் வந்து திங்கும்" என்றார்.

மாந்தோப்புக்குக் காவல் வெள்ளைத்தாய் என்கிற அம்மாள். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்ப முடியவில்லை. "அந்தச் சனியனப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காவ? ஒரு காய முழுசாத் திங்காது. கடிச்சிக் கடிச்சிப் போடும். பேசாம புடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

எபனேசருக்கு இழந்த மதிப்பை மீட்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. உச்சியில் ஏதோ அசைந்தது. "அந்தா! அந்தா பாருங்க சார் அணிலு!"

"அது மந்தி" என்றார் வெள்ளைத்தாய்.

அந்த அம்மாள் கை காட்டிய மரம் வேறு. தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு நீண்ட சாம்பல் வால் தொங்கியது. வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோனால் உடம்பு, சின்னக் காது, ரோஜா நிற மூக்கு. இரண்டு கைகளாலும் ஒரு மாங்காயைப் பிடித்து உருட்டி உருட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. எபனேசர் விரித்த கைகளில் பாதிகூட இல்லை. ஒருமுறை நிறுத்திக் கீழே நின்றவர்களைப் பார்த்தது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாததால் அது இறங்கி வரவில்லை. மாங்காயைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. காற்றில் அந்த உடம்பு நீண்டு தட்டையாகி, அக்கரைக் கிளையில் போய் ஒட்டிக்கொண்ட பிறகும் இந்தக் கிளை ஆடிக்கொண்டிருந்தது.

எபனேசரின் கை இடுப்புக்குப் போகவில்லை. செல்போன் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எதைப் பார்த்தாலும் செண்பகத்தோப்பு மாதிரி வராது என்று சொல்லிப் பழகியவர், செண்பகத்தோப்பிலேயே நின்றுகொண்டு எதைச் சொல்வார்? வாயைத் திறந்தபடியே நின்றார். தோப்புக்குப் பின்னால் மலை, வெயிலில் நீலமாக, இத்தனை கிட்டத்தில் இருந்தது.

டோமா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெம்பாவின் காதில் ஏதோ சொன்னார்.

"சார், நீங்களும் இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறீங்களான்னு கேக்கறாங்க" என்றார் பெம்பா.

தங்கபாய் கணவரைப் பார்த்தார். இப்போது ஒரு நல்ல பொய் வரும் என்று காத்திருந்தார்.

"ஆமா" என்றார் எபனேசர்.

பெம்பா சிரித்தார். "எங்க ஊர்ல பெரிய புத்த மடம் இருக்கு சார். நான் ரிட்டயர் ஆகி ரூம் வாடகைக்கு விட்ட பிறகுதான் உள்ள போனேன். கெஸ்ட் வழி கேட்டாங்க. எனக்குத் தெரியல. கல்கத்தாக்காரர் ஒருத்தர்தான் என்னைக் கூட்டிட்டுப் போனார்."

எபனேசர் அதற்குச் சிரித்த சிரிப்பில் மாமரத்திலிருந்து மந்தியும் ஓடிவிட்டது. அன்று மத்தியானம் மீன் குழம்பு எல்லோருக்கும் நன்றாக இறங்கியது.

இதற்குப் பிறகு எபனேசர் திருந்தி அடக்கமான மனிதராகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்து வாசலில் நின்று, இமயமலைக்காரர்கள் இயற்கையைப் பற்றித் தம்மிடம் ஆலோசனை கேட்டு வந்துபோனதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வத்திராயிருப்பு அந்தக் கதையில் இல்லை.

ஆனால் சனிக்கிழமைகளில் காரை எடுக்கிறார். தங்கபாயும் ஒரு பை நைட்டியோடு ஏறிக்கொள்கிறார். செண்பகத்தோப்புப் பெண்களிடம் வியாபாரம் சுமாராகப் போகிறதாம். எபனேசர் மாந்தோப்புக்குள் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று வாரம் வெள்ளைத்தாய் பொறுத்துப் பார்த்தார்.

"ஏன் சார், சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்கு இதென்ன பார்க்கா? செத்த நேரம் இந்தத் தகரத்த அடிங்க. நான் போயி கஞ்சி குடிச்சிட்டு வாரேன். அணிலு ஒண்ணு கிட்ட வரக்கூடாது, பாத்துக்கிடுங்க."

எபனேசர் தகரத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் தலை மறையும் வரைக்கும் பலமாக அடித்தார். பிறகு, மேலே இருக்கும் அணிலுக்குக் கேட்டுவிடாதபடி, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.