சோளகம் புகுந்த வீடு

கட்டடக் கலைஞனாக நான் தனியே வரைந்த முதல் வீடு வடமராட்சி கிழக்கில், மணல்மேடுகளை ஒட்டி நிற்கிறது. கொழும்பில் படித்துவிட்டு வந்த புதிது. தட்டைக் கொங்கிறீற் கூரை, நேர்கோடுகள், அலங்காரம் எதுவும் கூடாது என்ற பிடிவாதம். அந்த வெக்கைக்குக் காற்றோட்டம்தான் மருந்து என்று வடகிழக்கில் கடலைப் பார்த்தும் தென்மேற்கில் மேடுகளைப் பார்த்தும் அகன்ற திறப்புகள் வைத்தேன்.

வீட்டுக்காரி யோகம்மா. கடற்றொழில் செய்யும் குடும்பம். மகளின் தலைப்பிரசவத்துக்கு முன் வீடு முடியவேண்டும், வேறொன்றும் அவர் கேட்கவில்லை. தை மாதமே முடித்துக் கொடுத்தேன். வாடைக்காற்று கடல் பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. எனக்கு ஒரே புழுகம், பெருமை பிடிபடவில்லை.

மேட்டுப் பக்கம் ஆளுயரத்துக்கு நின்ற, தென்னோலை பின்னிக் கட்டிய பழைய கிடுகு வேலி மட்டும் கண்ணை உறுத்தியது.

"வீட்டை மறைக்குது அம்மா. உதைப் பிடுங்கி விடுங்கோ."

யோகம்மா வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் தம்பி" என்றார். அன்று பின்னேரமே வேலி இல்லை.

வைகாசியில் தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ."

போனேன். தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று மேட்டு மணலை வாரி நேரே வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சோற்றுப் பானையில் மணல். தொட்டிலில் மணல். பிறந்து பதினைந்து நாளான பிள்ளைக்குக் கண் சிவந்துபோக, மகள் அதைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுக்குப் போயிருந்தாள்.

"வேலிதான் மணலை மறிச்சது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ அம்மா?"

"தெரியாமலோ? சோளகத்துக்கெண்டுதானே கட்டினது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"படிச்ச பிள்ளை சொல்லுறியள். அதுக்கும் ஏதோ வழி வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பியிருந்தார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கிழமையே வேலியைத் திரும்பக் கட்டுவித்தேன். தென்மேற்குத் திறப்புக்கு முன்னால் தனிச் சுவர் ஒன்றும் எழுப்பினேன். காற்று அதைச் சுற்றி வந்தது, மணல் வெளியில் விழுந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. அதன்பின் அந்தப் பக்கத்தில் நான் வரைந்த வீடுகள் எல்லாவற்றிலும் அப்படியொரு சுவர் உண்டு.

இப்போது என் அலுவலகத்தில் வேலைபார்க்கும் இளையவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார் என்று சந்தோசமாகத் திரும்பி வருவார்கள். வந்த வழியே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். "உது சரிவராது" என்று அந்த வீட்டில் ஒருவராவது சொல்லும்வரை நான் பிளானில் கையெழுத்து வைப்பதில்லை.