தண்ணியிலதான்

மரக்காணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் இருசப்பனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தச் செம்புக் கம்பி தாங்கும், யார் வீட்டு மாப்பிள்ளை எந்தக் கம்பெனியில் இருக்கிறான், எல்லாம் வாய் வலிக்கச் சொல்வார். மீனை எங்கே பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முப்பது வருஷமாக ஒரே பதில்தான்.

"தண்ணியிலதான்."

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். விற்பதற்கு இல்லை, வீட்டுக் குழம்புக்கும் தன் உச்சி குளிர்வதற்கும்தான். வண்டியின் கைப்பிடியில் கொடுவா மீன் தொங்க, டீக்கடை வழியாக வேண்டுமென்றே மெதுவாகப் போவார். ஊரே வயிறெரிந்து பார்க்க வேண்டும், இடம் மட்டும் தெரியக் கூடாது. தூண்டில் போடுகிறவன் எவனாவது உண்மையான இடத்தைச் சொன்னதாகச் சரித்திரம் உண்டா? இவர் மட்டும் சொல்வாரா என்ன.

அந்த இடத்தை நான் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே ஓர் ஓடை. அதன் குறுக்கே நான்கு இரும்பு ஷட்டர் வைத்த தடுப்பு. மேற்குப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும், அது நெல் போடுகிறவர்களுக்கு. கிழக்குப் பக்கம் கடல் ஏற்றத்தில் ஏறி வரும் உப்புத் தண்ணீர், அது உப்பளக்காரர்களுக்கு. ஷட்டர் இறங்கியே கிடந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. இருசப்பன் இரண்டாவது ஷட்டரின் மேல் உட்கார்ந்து, நல்ல தண்ணீர்ப் பக்கம் தூண்டிலைப் போடுவார். உப்புத் தண்ணீரில் இருக்க வேண்டிய கொடுவா அங்கே வந்து கடிக்கும்.

ஏன் கடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் கிழக்குப் பக்கம் விழுந்த தூண்டில் தக்கை, மூடிய ஷட்டரை நோக்கித் தானாக நகர்ந்து உள்ளே போய்விட்டது. அடியில் ரப்பர் கிழிந்து, சிமென்ட்டும் பெயர்ந்து ஒரு பொந்து. ஏற்றத்தில் அந்த வழியாகப் பொடி இறால் உள்ளே வருகிறது, அதைத் தின்னக் கொடுவா காத்திருக்கிறது. பார்த்த அன்றைக்கு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பொந்து பெரிதாகிக்கொண்டே போய், இந்த மாசியில் வம்பு வெடித்தது. மனைவி அமராவதியின் தம்பி ஐயப்பன், அதாவது இருசப்பனின் மச்சான், மேற்கே இரண்டு ஏக்கர் நட்டிருந்தான். நட்ட பயிர் முனையிலிருந்து கருக ஆரம்பித்தது.

"உப்பளத்துக்காரனுங்க வேலை மாமா. திருட்டுச் சாவி வச்சிருக்கானுங்க. ஆளில்லாத நேரம் பாத்து ஷட்டரத் தூக்கி உப்புத் தண்ணிய உள்ள வுட்றானுங்க," என்றான்.

உப்பளம் வைத்திருக்கும் ராஜாங்கமோ நேர்மாறாகச் சொன்னார். கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அதை இறக்கி வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "உன் மச்சான்தான்யா தொறக்குறான். கடல் எறங்கி வத்தம் வந்தா நல்ல தண்ணி எங்க வாய்க்கால்ல எறங்குது. பாத்தியில உப்பு பூக்கவே மாட்டேங்குது. ஸ்டேஷன்ல அவன் பேரை எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கெழம தாசில்தார் மேடம் ஸ்பாட்டுக்கு வர்றாங்க. அன்னைக்கு முடியலைன்னா கேஸுதான்."

இருசப்பன் திருதிருவென்று விழித்தார். இல்லாத சாவிக்காக மச்சான் மேல் கேஸ். இருக்கிற பொந்தோ அவருடைய தூண்டிலுக்கு நேர் கீழே. சொன்னால் அடைத்துவிடுவார்கள், கொடுவா போச்சு. சொல்லாவிட்டால் ஐயப்பன் போச்சு. தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல், அந்த ஞாயிற்றுக்கிழமையும் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு கிலோவில் ஒரு கொடுவா. அமராவதி அரிவாள்மனையில் உட்கார்ந்து செதில் எடுத்து வயிற்றைக் கீறினாள், உள்ளே பொடி இறால். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எங்க புடிச்ச?"

"தண்ணியிலதான்."

"எந்தத் தண்ணியில? நல்ல தண்ணியிலயா, உப்புத் தண்ணியிலயா?"

முப்பது வருஷத்தில் இருசப்பனை இப்படி யாரும் கேட்டதில்லை.

"ஷட்டருல மேக்கால பாத்துதான நீ குந்தியிருப்ப, பால்காரன் சொல்லியிருக்கான்," என்றாள் அமராவதி. "மழைத் தண்ணியில கொடுவாவும் உப்பு இறாலும் எப்படி வந்துச்சு? என் தம்பி பயிரக் கருக்குற உப்பும் இந்தக் கொடுவாவும் ஒரே வழியிலதான் வருது போல."

செதில் எடுத்த மீனை அவர் முன்னால் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் ரசம்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஷட்டரடியில் முப்பது பேர். தாசில்தார் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயப்பனும் ராஜாங்கமும் மாறி மாறிக் கத்தினார்கள். யோவ் என்பதில் ஆரம்பித்து வாடா போடா வரைக்கும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் இருசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் தூண்டில்.

"இன்னா மாமா, இந்த நேரத்துல மீன் புடிக்க வந்துக்கினு," என்று ஐயப்பன் சீறினான்.

இருசப்பன் முள்ளைக் கழற்றிவிட்டு, வெறும் சிவப்புத் தக்கையைக் கிழக்குப் பக்கம் போட்டார். ஏற்றம் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. தக்கை கொஞ்ச நேரம் சும்மா ஆடியது. பிறகு சாவகாசமாக இரண்டாவது ஷட்டரை நோக்கிப் போய், அதன் முகத்தில் முட்டி, முங்கிக் காணாமல் போனது. தங்கூசி நரம்பு மட்டும் கையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் இந்தாண்ட வாங்க," என்றார்.

முப்பது பேரும் மேற்குப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். நல்ல தண்ணீரில் சிவப்புத் தக்கை மேலே வந்து மிதந்தது. உப்பு உள்ளே வந்ததும் நல்ல தண்ணீர் வெளியே போனதும் ஒரே பொந்து வழியாகத்தான்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று தாசில்தார் கேட்டார்.

"ரெண்டு வருஷமாங்க மேடம்."

"ஏன் சொல்லலை?"

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. இருசப்பன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொடுவா கெடைச்சுதுங்க."

சிரித்தவர்களும் உண்டு, முறைத்தவர்களும் உண்டு. ராஜாங்கம் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பத்து நாளில் பொந்தை அடைத்து, புது ரப்பரும் போட்டுவிட்டார்கள். ஐயப்பன் பயிரில் பாதி தேறியது. இரண்டு மாதம் அவன் மாமாவோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

பிறகு, பொந்தைக் காட்டிக் கொடுத்ததற்காக இரண்டு தரப்பும் கூடி ஒரு மரியாதை செய்தன. ஷட்டர் மேல் யாரும் ஏறக் கூடாது, இருசப்பன் மட்டும் ஆயுசுக்கும் உட்காரலாம் என்றார்கள். உட்கார்ந்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை விரல் நீளத்தில் ஜிலேபிக் கெண்டைதான். தக்கை அசையாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது.

ஆறாவது வாரம் வேறெங்கோ போனார். மூன்று கிலோ கொடுவாவோடு திரும்பினார். பழைய தெம்பு வந்துவிட்டது. டீக்கடையருகே வண்டியை மெதுவாக்கினார்.

கடையில் இருந்த ஐயப்பன் மீனைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ராஜாங்கமும் எழுந்தார்.

"மாமா, எங்க புடிச்ச?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு மச்சான் பேசிய முதல் வார்த்தை.

"தண்ணி..." என்று ஆரம்பித்த இருசப்பன் அவன் பார்வை மேற்கே ஓடைப் பக்கம் போவதைக் கண்டார்.

"முகத்துவாரப் பாலத்துக்குக் கீழப்பா," என்றார். "மூணாவது தூணு. ஏத்தம் பாதி ஏறினப்போ, உயிர் இறாலு மாட்டிப் போட்டேன். நம்ம ஷட்டருல ஒண்ணும் இல்ல, நீ பயப்படாத."

ஐயப்பன் உட்கார்ந்து மூச்சு விட்டான். பிறகு, "மாமாவுக்கு ஒரு டீ," என்றான். கடையில் இருந்தவர்களில் நான்கு பேர் ஏற்கெனவே செல்போனை எடுத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தூணடியில் பதினோரு தூண்டில். அவர் இடத்தில் ராஜாங்கம், பக்கத்தில் ஐயப்பன். "வா மாமா," என்று ஒரு சாண் நகர்ந்து இடம் கொடுத்தான். இருசப்பனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்தார்.

அரைமணி நேரத்தில் ராஜாங்கத்தின் தக்கை முங்கியது. வாழ்க்கையில் அவர் பிடித்த முதல் மீன், ஒரு முழங்கை நீளக் கொடுவா. அதைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். பாலத்தில் லாரியை ஓரங்கட்டிய ஒருவன் தலையை நீட்டினான்.

"அண்ணே, சூப்பர் மீனா இருக்குதே. எங்கண்ணே புடிச்சீங்க?"

ராஜாங்கம் திரும்பியே பார்க்கவில்லை.

"தண்ணியிலதான்."

கீழே இருசப்பன் சிரித்த சிரிப்பில் அவர் தக்கை குதித்தது.