சொந்த ரத்தம்

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜெயப்ரியா வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பேரிகையிலிருந்து காலை ஏழரை பஸ்ஸில் வருவாள். ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, சில நாள் தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டிப் பார்ப்பாள். அணுக்கள் அளவில் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம் என்றே ஒவ்வொரு முறையும் சீட்டு வரும். பெண்களுக்கு இருக்கும் சோகைதான் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அது 2004, மாசி மாதம். சம்பங்கி என்ற பெண் தன் இரண்டு வயது மகள் செல்லியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். கணவன் மாதப்பன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். ஷிஃப்ட் முடிந்து அப்படியே கூட வந்திருந்தான். குழந்தை வெளுத்துப்போய் இருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. ஒரு வருடமாக இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் தேறவில்லை.

ஜெயப்ரியா ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அணுக்கள் சிறிதும் பெரிதுமாக உருக்குலைந்து, நடுவில் வெளிறிக் கிடந்தன. இது இரும்புக் குறைவு இல்லை என்று அவளுக்குப் பட்டது. கூடத்து டாக்டரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, குழந்தை, தாய், தகப்பன் மூவர் ரத்தத்தையும் பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார்.

ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது. தலசீமியா. டாக்டர் விஷயத்தைச் சொல்லி அனுப்பிய பிறகு, சம்பங்கி நேரே ஜெயப்ரியாவிடம் வந்து நின்றாள்.

"அவரு சொன்னது ஒண்ணும் புரியலீங்க மேடம். எம்புள்ளைக்கு என்னதான் ஆச்சு?"

ஜெயப்ரியா அவளை உட்கார வைத்தாள்.

"ரத்தத்துக்குச் செகப்பு குடுக்கறது ஹீமோகுளோபின். அது ஒரே துண்டு இல்லீங்க. நாலு சங்கிலி சேர்ந்து ஆனது. ஆல்ஃபா ரெண்டு, பீட்டா ரெண்டு. நாலும் ஒண்ணை ஒண்ணு புடிச்சிட்டு இருந்தாத்தான் வேலை நடக்கும். ஒண்ணு மூச்சுக்காத்தைப் புடிச்சா மத்ததும் சுளுவாப் புடிக்கும். செல்லிக்கு ஆல்ஃபா வருது, பீட்டா வரலை. சேர்றதுக்கு ஜோடி இல்லாத ஆல்ஃபா எல்லாம் அணுவுக்குள்ளயே கட்டியாப் படிஞ்சிடுது. அந்த அணு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எலும்புக்குள்ள செத்துப்போவுது."

"டானிக் குடுத்தா சரியாவாதா?"

"டானிக்கை நிறுத்திடுங்க. இரும்பு இதுக்கு மருந்து இல்லை. மாசாமாசம் ரத்தம் ஏத்தணும்."

மாதப்பன் அதுவரை வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தான். "இது எங்ககிட்ட இருந்து வந்ததுங்களா?" என்றான்.

"உங்க ரெண்டு பேருகிட்டயும் பாதிக் கோளாறு இருக்குது. ஒருத்தருக்கு மட்டும் இருந்தா வெளியவே தெரியாது. ரெண்டு பேருக்கும் இருந்தா, பொறக்கற ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு இப்பிடி ஆகலாம்."

மாதப்பன் சம்பங்கிக்குச் சொந்த அத்தை மகன். இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள்.

அறிக்கைகளைக் கோப்பில் வைக்கப்போன ஜெயப்ரியாவின் கை நின்றது. மாதப்பனின் எண்களை அவள் இதற்கு முன் எங்கோ பார்த்திருக்கிறாள். மேஜை இழுப்பறையில் கிடந்த தன் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சிறிய அணுக்கள், அதிக எண்ணிக்கை. ஒன்றுபோல இருந்தன.

அன்று மாலையே தன் ரத்தத்தையும் பெங்களூருக்கு அனுப்பினாள். அவளுக்கும் அதே பாதிக் கோளாறு இருந்தது.

அவளுக்கு நிச்சயம் ஆகி நான்கு மாதம். மாப்பிள்ளை தாய்மாமன் குருமூர்த்தி. அப்பா காலமான பிறகு அந்த வீட்டைத் தாங்கியவன் அவன்தான். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருந்தான். அறுவடை முடிந்து ஆவணியில் கல்யாணம். மாமனுக்கும் ரத்தம் பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னதும் அம்மா லட்சுமியம்மாள் கொதித்துப்போனாள்.

"என் தம்பிக்கு என்ன நோவு? கல்லு மாதிரி இருக்கறான். மாப்பிள்ளைக்கு ஊசி குத்திப் பாக்கற வழக்கம் எந்த ஊர்ல இருக்குது?"

குருமூர்த்தி கோபப்படவில்லை. சித்திரையில் ஒரு மத்தியானம் ஓசூர் சந்தையில் மாங்காய் இறக்கிவிட்டு, சட்டைக் கையை மடக்கியபடி கூடத்துக்குள் வந்தான். "எடு புள்ள" என்று கையை நீட்டினான். அவளே எடுத்தாள்.

முடிவு வந்தபோது அவள் போன் செய்யவில்லை. பஸ் ஏறி வேப்பனப்பள்ளிக்குப் போனாள். தோப்பில் அவன் காய் பறிக்கிறவர்களோடு நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தனியாக வந்துவிட்டான். தனக்கு இருக்கும் அதே கோளாறு அவனுக்கும் இருப்பதை, அதனால் என்ன ஆகும் என்பதை, அவள் சொன்னாள்.

"நாலுல ஒண்ணுதானே? மூணு நல்லா இருக்குமில்ல?"

"செல்லியும் அந்த நாலுல ஒண்ணுதான் மாமா."

"வயித்துல இருக்கறப்பவே பாக்க முடியாதா?"

"வேலூர்ல பாக்கறாங்க. இருந்துச்சுன்னா கலைக்கணும். எத்தனை தடவை மாமா? என்னால முடியாது."

அவன் கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டான். பிறகு சொன்னான்: "சரி. நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும். பொண்ணு ரத்தத்துல கோளாறுன்னு ஊருக்குத் தெரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்? அக்காகிட்ட நானே பேசிக்கறேன். நீ வாயைத் தொறக்காத."

அப்படியே செய்தான். லட்சுமியம்மாள் தம்பியை வாசலில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். தகப்பன் இல்லாத பெண்ணைக் கைவிட்டவன் என்றாள். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டு போனான். ஜெயப்ரியா உள்ளே நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவனுக்கு ஊத்தங்கரையில் பெண் அமைந்தது. அந்தப் பெண்ணை அவன் ஓசூருக்கு அழைத்து வந்தான். ஜெயப்ரியாதான் ரத்தம் எடுத்தாள். கோளாறு இல்லை என்று அறிக்கை வந்தபோது, அதை அவனிடம் போனில் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு லட்சுமியம்மாள் போகவில்லை. குழந்தை பிறந்த சேதி வந்தபோதும் போகவில்லை. "அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காத" என்றாள்.

சேதி வந்த அந்த வாரம் செல்லி பரிசோதனைக்கு வந்திருந்தாள். மாதந்தோறும் ரத்தம் ஏற்றி ஏற்றி ஐந்து வயதைத் தாண்டியிருந்தாள். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு உடம்பில் சேர்ந்து முகம் கறுத்திருந்தது. ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஜெயப்ரியா அம்மாவை உட்கார வைத்தாள்.

"மாமா என்னை வேண்டாம்னு சொல்லலம்மா. நான்தான் சொன்னேன். எம்மேல பழி வரக் கூடாதுன்னு அவரு ஏத்துக்கிட்டாரு."

முழுவதையும் சொல்லி முடித்தபோது லட்சுமியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அவனுக்கும் இருக்குது, உனக்கும் இருக்குதுன்னா, நடுவுல நான்தானே இருக்கறேன்?"

ஜெயப்ரியா தலையசைத்தாள்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."

லட்சுமியம்மாளுக்கும் இருந்தது. அறிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளையும் அழைக்காமல் வேப்பனப்பள்ளிக்குத் தனியாகப் போனாள். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. மூன்று நாள் தங்கி, தம்பி குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

ஜெயப்ரியாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், ரத்தப் பரிசோதனை என்றதும் எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர்களிடம் லட்சுமியம்மாளே, காப்பி கொடுக்கும் முன்பாக, அந்தப் பேச்சை எடுத்தாள்.